ஒன்று கொடுத்தால் இரண்டு என்று சொல்லும் பைத்தான்

கேம் எழுதக் கற்றுக்கொள்ளப் பைத்தான் நிரல்மொழியும், அதில் கேம் எழுத உதவும் பைகேம் நூலகமும் ஏற்றவையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல ஆண்டுகளாக இவ்விரண்டையும் பயன்படுத்தி வருகிறேன். இவற்றின் வசதிகளை அவரே அறிவார் என்பதால், புதியவரின் முதல் மாதத்தை விழுங்கிவிடும் ஒரு பிழைச் செய்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிளேயர் கிளாஸின் (ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு) மூவ் மெதடில் (அந்த ஆப்ஜெக்ட் செய்யும் செயல்), ஆப்ஜெக்டையே குறிக்கும் செல்ஃப் என்பதை எழுத மறந்துவிட்டு, 5 என்ற ஒற்றை எண்ணோடு அதை அழைத்தால், ஒன்றை மட்டுமே ஏற்கும் மெதடுக்கு இரண்டு ஆர்குமென்ட்கள் (அழைக்கும்போது தரும் மதிப்புகள்) தரப்பட்டன என்று பைத்தான் சொல்லும். player.move(5) என்று அழைக்கும்போது புள்ளிக்கு இடப்பக்கம் நிற்கும் ஆப்ஜெக்டும் சேர்ந்தே செல்கிறது என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. செல்ஃப் சரியாக இருந்து, ஆப்ஜெக்டை உருவாக்கும்போது கிளாஸின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி விடுபட்டாலோ நிலைமை தலைகீழாகிவிடும்: அந்த 5 செல்ஃபின் இடத்தில் போய் அமர்ந்துகொள்ள, ஓர் ஆர்குமென்ட் குறைகிறது என்று பிழை வரும்.

என்னை மிகவும் வாட்டியது, திரையில் தோன்றும் உருவங்களான ஸ்பிரைட்களை ஒன்றாக வைத்திருக்கும் பைகேமின் ஸ்பிரைட் குரூப்தான். குரூப்பின் அப்டேட் என்ற மெதடுக்கு நாம் தருவதை அது தன்னிடம் உள்ள ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் அப்படியே அனுப்பிவிடுகிறது. பிளேயருக்காக அனுப்பிய விசைப்பலகை விசைகளின் நிலை, அதை எதிர்பாராத எனிமி ஸ்பிரைட்டுக்கும் போய்ச் சேர்ந்து நிரல் நின்றுவிடுகிறது. பிழை வந்த வழியைப் பட்டியலிடும் டிரேஸ்பேக், கடைசி இடமாக நம் கோப்பைக் காட்டாமல் பைகேமின் சொந்தக் கோப்பைக் காட்டுவதால், நூலகமே பழுதென்று நம்பி இரண்டு மாலைகளை இழந்தேன். அக்காலத்தில் செய்தியில் அப்டேட் என்ற பெயர் மட்டுமே வரும். எந்த கிளாஸின் அப்டேட் என்பது வராது.

2021இல் வெளிவந்த பைத்தான் 3.10 மெதடின் பெயருக்கு முன் கிளாஸின் பெயரையும் காட்டத் தொடங்கியது. எனிமி என்ற சொல்லை அந்தப் பிழையில் முதன்முதலாகக் கண்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி பொங்கியது. விசைகளைப் படிக்கும் வரியைப் பிளேயரின் அப்டேட்டுக்குள் மாற்றி, குரூப்பின் அப்டேட்டை எதுவும் தராமல் வெறுமனே அழைத்தேன். ஒரே நிமிடத்தில் சரியாகிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 3.11, வரிக்குள் பிழை நேர்ந்த இடத்தையும் அடிக்கோடிட்டுக் காட்டுகிறது.

இவ்வளவு திருந்திய பிறகும், செல்ஃபையும் சேர்த்து எண்ணுவதை அந்தச் செய்தி இன்றும் விளக்குவதில்லை. ஆகவே, தனியாகக் கற்பதானால் இப்போதைக்கு வேண்டாம் என்றே நண்பருக்குப் பதில் எழுதினேன். அருகில் அமர்ந்து, அந்த 5 எங்கே போனது என்று காட்ட ஒருவர் இருந்தால் இன்றே தொடங்கலாம் என்றும் சேர்த்திருக்கிறேன்.