பித்தளை பவுடர் மெஷர்: எதற்கு வாங்கலாம், எதற்குப் போதாது

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு வெடிமருந்து அளக்க அமெரிக்கக் கடைகளில் அதிகம் விற்பது, சுழல் புனல் வைத்த பித்தளை மெஷர். டிரெடிஷன்ஸ், சிவிஏ, இத்தாலியின் பெடர்சோலி என்று பெயர்கள் மாறினாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: விரல் பருமனுக்கு ஒரு குழாய், அதற்குள் ஏறி இறங்கும் தண்டு, தண்டில் பத்து கிரெயினுக்கு (கிராமில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கான எடை அலகு) ஒரு கோடு, சிலவற்றில் ஐந்துக்கு ஒன்று, பக்கத்தில் ஒரு பூட்டுத் திருகு, மேலே பக்கவாட்டில் விலகும் புனல். பெரும்பாலானவை 100 அல்லது 120 கிரெயின் வரை அளக்கும். விலை பெரிய விஷயமே இல்லை.

இதை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "துல்லியமா அளக்குமா?" என்றுதான். அது இரண்டாவது கேள்வி. மருந்துக் குடுக்கைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு இடைவெளி போடுவதுதான் மெஷரின் முதல் வேலை. முந்தைய வெடியில் குண்டைச் சுற்றி வைத்த துணி கருகி, அதன் துணுக்கு ஒன்று குழலின் அடியில் கனன்றுகொண்டிருக்கலாம். அதன் மேல் குடுக்கையிலிருந்தோ மருந்துக் கொம்பிலிருந்தோ நேராக மருந்தைக் கொட்டினால், பற்றிய தீ மேலே ஏறி கையில் இருக்கும் முழுக் குடுக்கையையும் வெடிக்கவைக்கும். மெஷரிலிருந்து கொட்டும்போது பற்றினால் எரிவது 70 கிரெயின். அதுவும் விரலைப் பொசுக்கும்தான், ஆனால் கை மிஞ்சும். இவ்வகைத் துப்பாக்கிச் சங்கங்களுக்காக 1971-இல் தொடங்கிய சர்வதேச அமைப்பான எம்எல்ஏஐசி நடத்தும் போட்டிகளில், ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியாக அளந்த சிறு குப்பியோடுதான் சுடும் வரிசைக்குப் போக முடியும்.

ஆகவே மெஷரைப் பயன்படுத்தும் வரிசையிலேயே பாதி பாதுகாப்பு இருக்கிறது. குடுக்கையைத் திறந்து மெஷரை நிரப்புங்கள். குடுக்கையை மூடி, மேசையில் பின்தள்ளி வையுங்கள். அதற்குப் பிறகுதான் மெஷர் குழல்வாய்க்கு வர வேண்டும். குடுக்கை திறந்திருக்கையில் கொட்டும் பழக்கம் இருந்தால் எந்த மெஷரும் உதவாது. கொட்டும்போது குழல்வாய் முகத்தையும் உடம்பையும் விட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும். மெஷரை விரல் நுனியில் பிடியுங்கள், உள்ளங்கை குழல்வாய்க்கு மேலே வர வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் சிகரெட் புகைப்பவர் இருந்தால் அவரை நகரச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி அளவு. இது எடை பார்க்கும் கருவி அல்ல, கன அளவு பார்க்கும் கருவி. தண்டில் 70 என்று நிறுத்தினால், 70 கிரெயின் எடையுள்ள கருமருந்து (பிளாக் பவுடர்) பிடிக்கும் இடம் கிடைக்கிறது, அவ்வளவே. குருணையின் பருமன், மருந்தின் அடர்த்தி, தட்டிய விதம் எல்லாமே எடையை மாற்றும். ஸ்விஸ், கோயெக்ஸ் இரண்டும் கருமருந்துப் பெயர்கள்; ஸ்விஸ் மருந்து கொஞ்சம் அடர்த்தியானது. அதே கோட்டில் கோயெக்ஸைவிட எடை கூடுதலாக வரும். ஒரு மருந்துக்குக் கண்டுபிடித்த அளவை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்லாமல் கீழிருந்து மறுபடி தொடங்குவதே முறை.

கருமருந்துக்குப் பதிலாக விற்கும் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகளில் குழப்பம் இன்னும் கூடும். பைரோடெக்ஸ் எடை குறைந்தது. அதை மெஷரில் கன அளவாக மட்டுமே அளக்க வேண்டும். கருமருந்தின் எடைக்குச் சமமாகத் தராசில் நிறுத்தினால் குழலுக்குள் அதிகமாகப் போய்விடும். டிரிபிள் செவன் கன அளவிலேயே வீரியம் கூடியது, அதனால் சுமார் 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள் அதைத் தயாரிப்பவர்கள். இக்காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை இதில் அளக்கும் பேச்சே கிடையாது, ஒரு சிட்டிகை கூட. கருமருந்துக் குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிடும். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொரு தடவையும் படியுங்கள். பெயர் அழிந்த டப்பாவில் கிடக்கும் கறுப்புத் தூள் எதுவானாலும் அது துப்பாக்கிக்கு இல்லை.

மெஷரின் கோடுகளை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. 70-இல் நிறுத்தி, பத்து முறை அளந்து, மொத்தத்தையும் தராசில் வைத்துப் பத்தால் வகுத்தால் கோட்டின் குணம் தெரிந்துவிடும். தராசில் 'ஜிஎன்' என்ற கிரெயின் அலகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம், எனவே 70 கிரெயின் என்பது சுமார் 4.5 கிராம்தான். கிராமையும் கிரெயினையும் மாற்றிப் படித்தால் பதினைந்து மடங்கு பிழை. 70 கிராம் மருந்து குழலுக்குள் போவது பைத்தியக்காரத்தனம் என்று பார்த்ததும் தெரியும். ஆனால் 7 கிராம், 8 கிராம் என்று எண்கள் வரும்போது கண் ஏமாறும்.

அளக்கும்போது கை ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேலே சற்றுக் குவியும்படி நிரப்பி, குழாயின் பக்கத்தை விரலால் எப்போதும் ஒரே எண்ணிக்கையில் தட்டி, புனலைச் சுழற்றி மேலே நிற்பதை வழித்துவிடுங்கள். நிதானமான கைக்கு ஒன்றிரண்டு கிரெயின் வித்தியாசம் மட்டுமே நிற்கும். ஐம்பது கஜத்தில் உருண்டைக் குண்டுக்கு அது ஒன்றுமே இல்லை. தட்டுவதும் தட்டாமல் விடுவதும் மாறி மாறி நடந்தால் வித்தியாசம் பெருகும். குண்டு சிதறுவதற்கு மருந்தைத் திட்டுகிறவர்களில் பலர் திட்ட வேண்டியது தங்கள் கையை.

குறைகளும் உண்டு. பெரியது பூட்டுத் திருகு. தளர்ந்த திருகோடு தட்டத் தட்டத் தண்டு மெல்ல கீழே இறங்கும், அளவு 70-இலிருந்து 75, 80 என்று வளரும், கண்ணுக்குத் தெரியாது. விலை குறைந்தவற்றில் இது சகஜம். ஒவ்வொரு ஐந்து வெடிக்கும் ஒருமுறை கோட்டைப் பார்ப்பதே நிவாரணம். அடுத்தது புனலின் அச்சு ஆணி. அது ஆடத் தொடங்கினால் புனலுக்கும் குழாய்க்கும் நடுவே இடுக்கு விழும், குருணை அங்கே சிக்கி நசுங்கும். நசுங்கிய மருந்து தூளாகி, தூள் வேகமாக எரியும். வழிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அந்த ஆணியை இறுக்கவோ மெஷரை மாற்றவோ நேரம் வந்துவிட்டது. நிறையும் மட்டம் பக்கத்திலிருந்தே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மெஷர்களும் உண்டு. புதியவர்களுக்கு வசதிதான், ஆனால் விழுந்தால் கீறும்.

எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு? துப்பாக்கித் தயாரிப்பாளர் கொடுத்த கையேட்டின் உச்சவரம்புதான் வேலி. அதற்குள்ளே, .50 காலிபர் ரைஃபிளுக்கு .490 அங்குல உருண்டைக் குண்டும் துணியும் வைத்து, எஃப்எஃப்ஜி என்ற நடுத்தரப் பருமன் குருணையில் 50-இல் தொடங்குவது பழக்கம். ஐந்தைந்தாக ஏற்றி, குண்டுகள் இலக்கில் நெருங்கி விழும் அளவில் நிறுத்திவிடுங்கள். அது பெரும்பாலும் 60-க்கும் 80-க்கும் இடையே எங்கோ இருக்கும். அதற்கு மேலே போனால் புகையும் உதைப்பும்தான் லாபம். ஒரு பவுண்டு 7000 கிரெயின். 70 கிரெயின் என்று வைத்தால் டப்பாவுக்கு நூறு வெடி.

மெஷர் செய்ய முடியாத இரண்டு காரியங்களைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, ஏற்கெனவே மருந்து போட்டாயிற்றா என்று அது சொல்லாது. பேச்சுக்கு நடுவே காலி மெஷரைப் பார்த்து மறுபடி நிரப்புவதுதான் இரட்டை மருந்தின் வழக்கமான கதை. இதற்குக் கஜக்கோலில் (குண்டைக் குழலுக்குள் தள்ளும் கோல்) இரண்டு கோடு வேண்டும்: காலிக் குழலுக்கு ஒன்று, சரியாகக் கெட்டித்த குழலுக்கு ஒன்று. .50 குழலில் 70 கிரெயின் மருந்து ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் உயரம் நிற்கும், ஆகவே இரட்டை மருந்து விழுந்தால் கோடு அவ்வளவுக்கு மேலே எட்டிப் பார்க்கும். மற்றது, குண்டு மருந்தின் மேல் முழுதும் உட்கார்ந்ததா என்பது. நடுவழியில் நின்ற குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதையும் கஜக்கோலின் கோடே காட்டும். கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) கடைசியில், குழல் இலக்கை நோக்கி நின்ற பிறகு மட்டும். கேப் வெடித்தும் மருந்து பற்றவில்லை என்றால் குழலை இலக்கிலிருந்து அசைக்காமல் இரண்டு நிமிடமாவது பொறுத்திருங்கள்; தாமதமாகப் பற்றுவது உண்டு.

வெடிக்கும் வெடிக்கும் நடுவே ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை குழலைத் துடைத்தால் கனல் பயமும் குறையும், கசடும் குறையும், அடுத்த குண்டு நடுவில் சிக்குவதும் குறையும். குழலில் ஈரம் தங்கினால் புது மருந்து நனைந்துவிடும், அதனால் அந்த உலர்ந்த துணியை மறக்க வேண்டாம்.

நம் பரிந்துரை: சுழல் மெஷரை அளவு தேடுவதற்கு வாங்குங்கள். அளவு கிடைத்ததும் அதற்கேற்ற நிலையான, தண்டில்லாத பித்தளை மெஷர் ஒன்றை வாங்கி, வீட்டு மேசையிலேயே குப்பிகளில் நிரப்பி மூடி எடுத்துச் செல்லுங்கள். திருகும் இல்லை, இறங்கும் தண்டும் இல்லை. சுடும் இடத்தில் திறந்த டப்பாவும் இல்லை. குப்பியில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி ஒட்டுங்கள்.

சுட்டு முடிந்ததும் மெஷரை வெந்நீரில் கழுவி, பிரித்து, முழுதும் உலரவிடுங்கள். உள்ளே எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்ட குருணை ஒட்டிக்கொள்ளும், அடுத்த அளவு குறையும், சில சமயம் பற்றவே பற்றாது. பச்சைக் களிம்பு பிடித்தால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போதும், பிறகு நன்றாக அலசுங்கள். திருகின் மரையில் மட்டும் ஒரு துளி மெழுகு.