340 டாலருக்கு வீட்டுப் பல்லி: பிரிஸ்பேன்காரர்களே உஷார்

பிரிஸ்பேன், லோகன், இப்ஸ்விச் பக்கம் இருக்கிற நம்ம மக்கள் இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். ஆத்திரத்தில் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 340 டாலர் கொடுத்து நான் வாங்கி வந்தது பல்லி. ஊரில் டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கொசு பிடிக்குமே, அதே சாதா வீட்டுப் பல்லி. அதுவும் ஜோடியாக.

மகளுக்கு ரொம்ப நாளாக வெல்வெட் கெக்கோ என்கிற பல்லி மேல் ஆசை. இந்த ஆஸ்திரேலிய மண்ணுக்கே உரிய இனம். தோல் வெல்வெட் துணி மாதிரி, வால் பட்டையாக, முதுகில் வெளிர் திட்டுகளோடு பார்க்கவே அழகாக இருக்கும். குவீன்ஸ்லாந்தில் உள்நாட்டு ஊர்வன எதை வளர்த்தாலும் அரசு உரிமம் வேண்டும். அதை முறையாக எடுத்த பிறகுதான் தேடவே ஆரம்பித்தேன். பழைய சோபா, சைக்கிள் எல்லாம் கைமாறுகிற ஒரு செயலியில் "கண்ணாடித் தொட்டி, எல்லாச் சாமானோடும்" என்று ஒரு விளம்பரம். படத்தில் தொட்டிக்குள் அட்டகாசமாக ஒரு வெல்வெட் கெக்கோ. விசாரித்தால், தொட்டியோடு ஒரு ஜோடியும் வரும், ஆறு மாத இளசு, மொத்தம் 340 என்றார்.

அப்புறம் ஏன் தொட்டி என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். உயிர்ப்பிராணி என்று போட்டால் செயலிக்காரர்கள் தூக்கிவிடுவார்களாம், எல்லோருமே இப்படித்தான் போடுவார்களாம். உரிம எண் கேட்டேன். உடனே ஓர் அட்டையின் படம் வந்தது. எண்ணில் பாதியை அந்த ஆளின் கட்டைவிரல் மறைத்திருந்தது.

ஒரு ஷாப்பிங் சென்டர் கார் பார்க்கில் சாயங்காலம் சந்தித்தோம். நேரில் அந்த ஆளைப் பார்த்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். மகள் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்து, "பேர் வெச்சாச்சா?" என்று கேட்டார். பாச்சைக்குக் கால்சியம் பொடி எப்படித் தூவ வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் தெளிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எந்தக் கிழமை என்ன தீனி என்று கையால் எழுதிய ஒரு தாள், ஓரத்தில் குட்டியாகப் பல்லிப் படம் வேறு. மூடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பாவில், ஈர டிஷ்யூவுக்கு நடுவில், சாம்பல் நிறத்தில் ரெண்டு. நிறம் மங்கலாக இருக்கிறதே என்றேன். "தோல் உரிக்க உரிக்க நிறம் ஏறும்" என்றார். பக்கத்தில் நின்றபடியே போனில் 340 டாலரை அனுப்பிவிட்டேன்.

ராத்திரி விளக்கை அணைத்ததும் தொட்டியிலிருந்து ச்சிக் ச்சிக் ச்சிக். திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கிற அம்மா படுக்கையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "ஏம்ப்பா, இது நம்ம வீட்டுப் பல்லி சத்தமுல்ல? இதுக்கா காசு குடுத்த?" நான் டார்ச் அடித்து, கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் நெடுக வளையம் வளையமாகப் பொடி முள். வெல்வெட் கெக்கோ வாலில் முள் கிடையாது. "ஏமாத்திட்டான்மா" என்று நான் கத்த, உள்ளிருந்து மறுபடி ச்சிக் ச்சிக். "பாரு, பல்லியே சொல்லிடுச்சு" என்றார் அம்மா. அவருக்குச் சிரிப்பு, எனக்கு வயிறு எரிகிறது.

காலையில் அந்த ஆளுக்கு எழுதினேன். இன்னும் ரெண்டு தோல் உரியட்டும், பொறுங்கள் என்று பதில். வால் படத்தை அனுப்பினேன். அப்படியானால் டெல்லா என்கிற வேறு வகைப் பல்லியாக இருக்கும், அதுவும் இந்த ஊர் இனம்தானே என்று மாற்றினார். டெல்லாவுக்கு உள்பக்கக் கட்டைவிரலில் நகம் இருக்காது. கண்ணாடியில் ஒட்டியிருந்ததன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் எல்லா விரலிலும் நகம். இதில் உச்சம் என்ன தெரியுமா? "ஆறு மாத இளசு" என்றாரே, அதில் ஒன்றின் வயிற்றுத் தோலுக்குள் வெள்ளையாக ரெண்டு முட்டை பளிச்சென்று தெரிகிறது! அந்தப் படத்தையும் அனுப்பினேன். "பிடிக்கவில்லையென்றால் தோட்டத்தில் விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி. அதோடு என்னை பிளாக் பண்ணியாச்சு.

செயலியின் உதவிப் பிரிவு இன்னும் மோசம். விளம்பரத்தில் இருந்த பொருள் கண்ணாடித் தொட்டி, தொட்டி கிடைத்ததா என்று கேட்டார்கள். கிடைத்தது என்றேன். அப்படியானால் புகார் முடிந்தது, சேவைக்கு நட்சத்திரம் கொடுங்கள் என்றார்கள். வங்கியில், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். ஓர் அரசு அலுவலகத்துக்கும் போன் போட்டேன். இந்தப் பல்லிதான் ஊர் முழுக்க இருக்கிறதே, நாங்கள் வந்து பிடிக்க மாட்டோம் என்றார்கள். 340 டாலர் போனது போனதுதான்.

பணத்தை விடுங்கள், "தோட்டத்தில் விட்டுவிடுங்கள்" என்றானே, அதுதான் தாங்கவில்லை. நமக்குப் பழகிய பல்லி, ஆனால் இந்த நாட்டுக்கு வந்தேறி. 1960களில் டார்வினில் கால் வைத்தது, 1983-இல் பிரிஸ்பேன் துறைமுகத்தில் கண்டார்கள். கப்பல் சரக்கு, கேரவன், பூந்தொட்டி என்று எதில் வேண்டுமானாலும் ஏறிப் பயணம் போகும். விளக்கடியில் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற பல்லிகளை அண்டவிடாது, சின்னதாக இருந்தால் கடித்து விழுங்கவும் செய்யும். பசிபிக் தீவுகளில் மோர்னிங் கெக்கோ (mourning gecko) என்கிற சின்னப் பல்லியைக் கட்டடச் சுவர்களிலிருந்து விரட்டியது இதுதான். தன் உண்ணிகளையும் ஒட்டுண்ணிகளையும் கூடவே கொண்டுபோகும். பெண் பல்லி ஒருமுறை இணை சேர்ந்தால் விந்தணுவை மாதக்கணக்கில் உடம்பிலேயே வைத்திருந்து முட்டையிடும். அதனால் புது இடத்தில் கால் ஊன்ற ஒன்றே போதும். இந்த ஆளோ பேச்சுவாக்கில் மெல்போர்னுக்கும் பெர்த்துக்கும் பார்சல் அனுப்புவதாகப் பெருமை வேறு அடித்தான். அங்கே ஒரு பிள்ளை, நிறம் ஏறவில்லையே என்று தோட்டத்தில் விட்டால் என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் முட்டை வந்ததும் ஃப்ரீசருக்குப் போகும். ரெண்டும் தொட்டியை விட்டு வெளியே வராது. மகள் தினமும் பாச்சை போடுகிறாள், பேர் வைத்துத் தொலைத்துவிட்டாள்.

எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. உரிம எண் முழுதாகத் தெரியாமல் காசு அனுப்பாதீர்கள். தொட்டி என்று போட்டு பிராணி விற்பவனிடம் போகவே போகாதீர்கள். வாலையும் விரலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏமாந்தாலும் வெளியே விடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறு பெயரில் அதே தொட்டி மாதிரி ஒன்று, அதே பல்லிப் படத்தோடு, 360 டாலர் என்று மேலே வந்திருக்கிறது. நான் புகார் பொத்தானை அழுத்திவிட்டேன். லோகன் பக்கம் தேடினால் உங்களுக்கும் வரும், நீங்களும் ஒரு அழுத்து அழுத்துங்கள்.