தாய் ஹுவா பாக் சோர் மீ: வினிகரும் ஈரலும் நீண்ட வரிசையும்

சிங்கப்பூர், கிராஃபர்ட் லேன், புளோக் 466. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாதாரணக் காப்பிக்கடை. அதற்குள் ஒரு கடைதான் ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா போர்க் நூடல். 1932இல் ஹில் ஸ்திரீட்டில் தொடங்கியதால் அந்தத் தெருவின் பெயர் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2016இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம்பிரிக்கும் மிச்செலின் வழிகாட்டியின் முதல் சிங்கப்பூர்ப் பதிப்பு வந்தபோது நட்சத்திரம் பெற்ற அங்காடிக் கடைகள் இரண்டே. அதில் இது ஒன்று. மற்றது 2021இல் நட்சத்திரத்தை இழந்தது. ஹொங் லிம் உணவங்காடி நிலையத்தில் ஏறக்குறைய இதே பெயரில் இன்னொரு கடை உண்டு. அது வேறு கடை. வழி கேட்கும்போது கிராஃபர்ட் லேன் என்று சேர்த்துச் சொல்வது நல்லது. லவண்டர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

பாக் சோர் மீ என்பது கொத்திய பன்றி இறைச்சி போட்ட மீ, அதாவது நூடல். பல கடைகளில் மிளகாய்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கே முன்னால் நிற்பது கறுப்பு வினிகர். கிண்ணத்தின் அடியில் வினிகர், சோயா சாஸ், மிளகாய் விழுது, பன்றிக் கொழுப்பு எல்லாம் முதலிலேயே காத்திருக்கும். சுடச்சுட மீ அதன்மேல் விழும். கொழுப்பு வாயில் படியும் முன்பே புளிப்பு அதை வெட்டிவிடுகிறது, அதனால் கடைசி வாய் வரை திகட்டுவதில்லை. இந்த மஞ்சள் மீயின் மாவில் காரநீர் (காரத்தன்மையுள்ள உப்பு கரைத்த நீர்) சேர்ப்பார்கள். மீக்கு இழுவை தருவது அதுதான், ஆனால் லேசான சோப்பு வாடையும் அதோடு வரும். வினிகர் அந்த வாடையையும் அடக்கிவிடும். வினிகர் குறைந்த பாக் சோர் மீ ஏன் மந்தமாக இருக்கிறது என்பதற்கு விடை இங்கே கிடைக்கும்.

வரிசை ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று சலிப்பவர்கள் கொஞ்சம் அடுப்புப் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் சில கிண்ணங்களுக்கான மீ மட்டுமே கொதிநீரில் இறங்கும். மெல்லிய மீ வேக அரை நிமிடம்கூட வேண்டாம். வெந்ததைக் குளிர்ந்த நீரில் முக்கினால் மேலே ஒட்டிய மாவும் காரநீர் வாடையும் கழன்றுபோகும், வேக்காடும் அங்கேயே நின்றுவிடும். பிறகு மீண்டும் ஒருமுறை கொதிநீரில் காட்டிச் சூடேற்றி, நன்றாக உதறி நீர் வடித்துக் கிண்ணத்தில் போட வேண்டும். உதறல் போதாவிட்டால் அடியில் உள்ள சாஸ் நீர்த்துப்போகும். குளிர்ந்த நீரைத் தவிர்த்தால் மேசைக்கு வருவதற்குள் மீ கட்டிபட்டுவிடும். அவசரப்படும் கடைகளில் நடப்பது இந்த இரண்டும்தான். இறைச்சித் துண்டு, கொத்திய இறைச்சி, ஈரல் மூன்றுக்கும் வேகும் நேரம் வேறு வேறு. எல்லாவற்றையும் மொத்தமாக வேகவைத்து அள்ளிப் போட்டால் வரிசை பாதியாகிவிடும், சுவையும் பாதியாகிவிடும். இங்கே அப்படிச் செய்வதில்லை என்பதற்காகவே இந்தக் காத்திருப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மையில் ஒரு கடையின் கைப்பக்குவத்தைக் காட்டிக்கொடுப்பது ஈரல். சில நொடி கூடினால் மணல்போல் பொடியும், கசப்பும் தலைகாட்டும். இங்கே ஈரல் மிருதுவாக, நடுவில் லேசான இளஞ்சிவப்போடு வருகிறது. சுவைக்கு அதுதான் சரியான பதம். ஆனால் முழுதாக வேகாத பன்றி ஈரல் வழியாக ஹெப்படைட்டிஸ் ஈ கிருமி பரவக்கூடும். கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஈரல் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே சரி. ஈரல் இல்லாமலும் கிண்ணம் குறைபட்டுப் போகாது.

மேலே வைக்கும் மொறுமொறுப்பான துண்டு, காயவைத்துப் பொரித்த நாக்குமீன். தீ போ என்பார்கள். பொரித்த பூண்டு என்றோ அப்பளத் துணுக்கு என்றோ நினைத்துச் சாஸில் அமுக்கிவிடாதீர்கள், ஒரே நிமிடத்தில் ஊறிப்போகும். ஒரு துண்டைத் தனியாகக் கடித்துப் பாருங்கள். மிச்சத்தைப் பொடித்து நடுவில் தூவிக்கொள்ளுங்கள். கருகிய தீ போ கசக்கும், இங்கே அது பொன்னிறம் தாண்டுவதில்லை. இறைச்சி உருண்டையும் சுருட்டிய மாவுப் பொட்டலமும் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் அவற்றுக்காக மட்டும் யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

முதல்முறை போகிறவர்கள் மீ கியா கேட்கலாம், அது மெல்லியது. தட்டையான மீ போக் சாஸை அதிகம் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் ஒட்டியும் கொள்ளும். வேகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருந்தும். சூப்பில் போட்ட மீயும் கிடைக்கிறது, ஆனால் வினிகரின் வேலை தெரிய வேண்டுமென்றால் உலர் வகைதான். அதோடு சிறு கிண்ணத்தில் கடல்பாசி போட்ட சூப் வரும். காரம் ஆகாதவர்கள் ‘மாய் ஹியாம்’ என்றால் போதும், மிளகாய் வராது. அளவை விலையைச் சொல்லியே கேட்பார்கள். ஒருவருக்குச் சிறியது போதுமானது; விலை கூடக் கூட இறைச்சிதான் கூடுகிறது, அடிச்சாஸின் சுவையில் புதிதாக எதுவும் சேர்வதில்லை.

கிண்ணம் கைக்கு வந்ததும் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல், அடியிலிருந்து மேலாக ஐந்தாறு முறை புரட்டிவிட வேண்டும். மேலோட்டமாகக் கிளறினால் முதல் பாதி வெறும் மீயாகவும் கடைசிப் பாதி வெறும் புளிப்பாகவும் முடியும். கட்டிபடத் தொடங்கினால் சூப்பை ஒரு கரண்டி விட்டால் இளகும்; இரண்டாவது கரண்டி சாஸைக் கெடுத்துவிடும். ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம் இது. கட்டிக்கொண்டு போனால் வீடு சேர்வதற்குள் மீ சாஸை முழுதாக உறிஞ்சிவிடும், ஈரலும் உள்சூட்டிலேயே வெந்து இறுகிவிடும். பார்சல் வேண்டவே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்க நேரலாம். வார நாளில் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் போனால் கூட்டம் தணிந்திருக்கும். இருவராகப் போனால் ஒருவர் வரிசையிலும் ஒருவர் மேசையிலும் இருக்கலாம். தனியாகப் போகிறவர்கள் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம்பிடிக்கும் ஊர் வழக்கத்தைப் பின்பற்றலாம், ஆனால் வரிசையின் முனைக்கு வந்த பிறகு செய்வதே மற்றவர்களுக்கு மரியாதை. காப்பி, தேநீரைப் பானக் கடையில் தனியாக வாங்க வேண்டும். 2022 ஜனவரி முதல் காப்பிக்கடைகளிலும் தட்டுகளைத் திருப்பி வைப்பது கட்டாயம், மேசையில் விட்டுப்போக முடியாது.

இது ஹலால் உணவு அல்ல. பன்றிக் கொழுப்பு சாஸிலேயே கலந்திருப்பதால், இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுத் தரும்படி கேட்பதில் பயனில்லை.