கிளாஸ்டோஜோ செயலி: நான்காம் வகுப்பில் ஓராண்டு

36 பிள்ளைகள் படிக்கும் நான்காம் வகுப்பில் கிளாஸ்டோஜோ செயலியை ஒரு கல்வியாண்டு முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். 2011இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இச்செயலியை ஆசிரியர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு குட்டிப் பூதத்தின் படம் இருக்கும். பிறருக்கு உதவினால் ஒரு புள்ளி கூடும், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் ஒரு புள்ளி குறையும், தம் பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் எனக்குப் பெரும் நிம்மதியாக இருந்தது. புள்ளி ஏறும்போது எழும் மணியோசைக்காகவே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் குரலை உயர்த்த வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. புள்ளிப் பட்டியலை நாள் முழுவதும் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். அது என் தவறு.

இரண்டாம் மாதத்தில், ஓயாமல் பேசும் ஒரு சிறுவன் என் மேசையருகே வந்து, "மிஸ், எனக்கு இப்பவே ஒரு மைனஸ் போட்டுடுங்க, நான் அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். தவறு என்று நான் உணர்த்த நினைத்ததை அவன் விலையாகப் புரிந்துகொண்டிருந்தான். குழு வேலைக்குப் பிரிக்கும்போது புள்ளி குறைந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் தயங்குவதையும் அதன் பிறகுதான் கவனித்தேன். இதைவிட என்னை உலுக்கியது, இரண்டு மைனஸ் வாங்கிய நாளில் வீட்டில் அடி வாங்கியதாக இன்னொரு பிள்ளை சொன்னதுதான். வகுப்பில் நான் எடுக்காத பிரம்பை வீட்டில் எடுக்க வைத்திருக்கிறேன் என்ற எண்ணம் பல நாள் என்னை விடவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடைசெய்கிறது. ஒரு குழந்தையின் குறையை 35 பேர் முன்னிலையில் எண்ணாக எழுதி வைப்பது அந்தத் தடைக்கு மிக அருகில் செல்லும் செயல் என்றே இப்போது கருதுகிறேன்.

நல்ல வேளையாக, எந்தெந்த நடத்தைக்குப் புள்ளி என்பதை ஆசிரியரே மாற்றியமைக்கச் செயலி இடம் தருகிறது. புள்ளி குறைக்கும் வகைகள் அனைத்தையும் நீக்கினேன். பட்டியலைத் திரையில் காட்டுவதை நிறுத்தி, என் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொண்டேன். வகுப்பில் பேசுகிற பிள்ளையைப் பாடம் முடிந்தபின் தனியே அழைத்துப் பேசுகிறேன். அதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது, ஆனால் மறுநாள் அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.

சத்தத்தை அளந்து காட்டும் கருவியும் இதில் உண்டு. மூன்று மின்விசிறிகள் சுழல, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒலிக்கும் எங்கள் அறைக்கு அது பொருந்தவில்லை. அது செயலியின் குறையன்று.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஆண்டும் இதையே பயன்படுத்த முடிவு செய்திருப்பதற்குக் காரணம், நான் எதிர்பாராத ஒரு பயன். அரையாண்டுத் தேர்வுக்கு முன் பதிவுகளைப் புரட்டியபோது, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுமிக்கு மூன்று வாரமாக ஒரு பதிவுகூட இல்லை. அவள் தவறும் செய்யவில்லை, தொந்தரவும் தரவில்லை. ஆகவே என் கண்ணில் அவள் படவே இல்லை. 36 பேரில் யாரை நான் பார்க்கத் தவறுகிறேன் என்பதை எந்த மேற்பார்வையாளரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டபின், பதிவில்லாத பெயர்களைக் குறித்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை முதல் கேள்வியை அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறேன்.