4 ஜிபி வீடியோ: கேபிளா, ப்ளூடூத்தா, வைஃபையா?

அக்கா மகளின் கல்யாண வீடியோ போனில் இருக்கிறது, 4 ஜிபி. லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும்.

ப்ளூடூத்தில் அனுப்பினால் சாப்பிட்டுத் தூங்கி எழலாம். நடைமுறையில் விநாடிக்கு 2 மெகாபிட் கிடைத்தாலே அதிகம். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட் என்பதால், அது வெறும் கால் எம்பி (மெகாபைட்). கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். இயர்போனுக்குப் பாட்டு அனுப்ப, பேட்டரியைக் குடிக்காமல் இருக்க அது போதும்.

கேபிள்? 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0-க்கே விநாடிக்கு 480 மெகாபிட் வேகம். கையில் கிடைப்பது 30, 40 எம்பி. வீடியோ இரண்டே நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் எந்தக் கேபிள் என்பதில்தான் வம்பு. சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவான சார்ஜிங் கேபிள்கள் சிலவற்றில் அந்தத் தரவுக் கம்பிகளே இருக்காது. இது தெரியாமல் ஒரு நாள் டிரைவரை (போனோடு லேப்டாப் பேச உதவும் மென்பொருளை) மாற்றி, லேப்டாப்பை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் போராடினேன். டைப்-சி என்றால் வேகம் என்றும் நம்ப வேண்டாம்; அது முனையின் வடிவம் மட்டும்தான். 2023-இல் வந்த ஐபோன் 15-இல் டைப்-சி உண்டு, வேகமோ அதே பழைய 480. 15 ப்ரோவில்தான் 10 கிகாபிட், அதாவது 10,000 மெகாபிட்.

வைஃபை? ஆண்ட்ராய்டின் குயிக் ஷேர், ஆப்பிளின் ஏர்டிராப் போன்றவை கெட்டிக்காரத்தனமானவை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ப்ளூடூத்தில் தேடிவிட்டு, சரக்கை வைஃபையில் நேரடியாக அனுப்புகின்றன. சிக்னல் நன்றாக இருந்தால் சாதாரண கேபிளோடு போட்டி போடும். ஃபைல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. ஒன்று கெட்டுப்போனால் அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். அதனால்தான் போனோடு அடுத்த அறைக்குப் போனால் வேகம் குறைகிறதே தவிர, வீடியோ பாழாவதில்லை. வீட்டு ரௌட்டர் வழியாக அனுப்பினால் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது, வேகம் பாதியாகலாம்.

என் வழக்கம்: நாலைந்து போட்டோ என்றால் வைஃபை, கல்யாண வீடியோ என்றால் கேபிள். ஆண்ட்ராய்டு போனைச் செருகியதும் அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்ற தேர்வு வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், டிரைவரை அப்புறம் பார்க்கலாம்.