சுமார் மார்க்குக்கு ‘ஏ டு இசட்’ சேவை: ராமநாதபுரம் பக்கத்து மேற்படிப்பு ஆலோசனை மையங்கள் எப்படி?

ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி வட்டாரத்தில் பி.இ. முடித்தவர்களை நம்பி நடக்கும் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையங்களின் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: கல்லூரிப் பட்டியல், எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று நாம் எழுதித் தரும் கட்டுரை), எல்ஓஆர் (பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம்), விண்ணப்பம், கடன், விசா. சில மையங்கள் மதுரைக் கிளைகள், சில ஒரு மேசையும் ஒரு கணினியும். எந்தக் கடையின் பெயரையும் இங்கே எடுக்கப்போவதில்லை. சேவையைத்தான் பிரித்துப் பார்க்கிறோம். அதுவும் சிஜிபிஏ (பத்துக்கு எடுத்த சராசரி) 7-ஐ ஒட்டி, இரண்டு மூன்று அரியர், மேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வான ஜிஆர்இயில் 305, ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸில் 6.5 என்று நடுவாந்தரமாக நிற்பவரின் கண்ணோட்டத்தில். ஒன்பதுக்கு மேல் வைத்திருப்பவருக்கு எந்த மையமானாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் ‘இலவச ஆலோசனை’. இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஆள் சேர்த்துவிட்ட முகவருக்குக் கமிஷன் தருகின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் தருவதில்லை. அதனால்தான் அயர்லாந்துக்கு இலவசம், ஜெர்மனிக்குக் கட்டணம் என்று ஒரே மேசையில் இரண்டு விலை சொல்கிறார்கள். கமிஷன் வாங்குவது குற்றமில்லை. ஆனால் நம் மார்க் சுமார் என்று தெரிந்ததும், ‘இதுதான் உங்களுக்குக் கிடைக்கும்’ என்று கமிஷன் தரும் கல்லூரிகளையே வரிசையாக நீட்டுவார்கள். பட்டியலில் எவை எவை மையத்துக்குக் கமிஷன் தருகின்றன என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

பட்டியல் போடுவதில்தான் பெரிய கோளாறு. ஜெர்மனியில் நம் சிஜிபிஏவை அவர்கள் அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு: உச்ச மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழித்து, அதை உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே 1 சிறந்தது, 4 கடைசித் தேர்ச்சி. சிஜிபிஏ 7.0, தேர்ச்சி 5 என்றால் 2.8 வரும். தேர்ச்சியை 4 என்று போட்டால் அதே 7.0 பளிச்சென்று 2.5 ஆகிவிடும். 6 என்று எடுத்தால் 3.25-க்கு இறங்கும். 2.5-ஐ வரம்பாக வைத்த படிப்புகள் ஏராளம் என்பதால், 4 போட்டுக் கணக்குக் காட்டும் பட்டியல் பார்க்க அழகாக இருக்கும், விண்ணப்பித்தால் வரிசையாகத் திரும்பி வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் தேர்ச்சியின் கடைசித் தரம் 6 புள்ளி, 2021 விதிமுறையில் 5. உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பார்த்து, எந்த எண் பொருந்துமோ அதை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யுனி-அசிஸ்ட் வழியாகப் போகும் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. தப்பான பட்டியல் என்றால் இந்தக் காசு அத்தனையும் கடலில் கரைத்த பெருங்காயம். ‘ஜெர்மனியில் படிப்புக் கட்டணமே கிடையாது’ என்பதும் முழு உண்மையில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது.

அமெரிக்கக் கணக்கு வேறு. பல இடங்களில் 4-க்கு 3.0 வேண்டும் என்பார்கள். 7.0-ஐ நேராக நாலால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 2.8 தான், உடனே மனசு விட்டுப்போகும். மையத்திலும் ‘சான்ஸ் இல்லை’ என்று கைவிரிப்பார்கள். உண்மையில் டபிள்யூஇஎஸ் மாதிரி, வெளிநாட்டு மதிப்பெண்ணை அமெரிக்க அளவுக்கு மாற்றித் தரும் மதிப்பீட்டு அமைப்புகள் பாடம் பாடமாக மாற்றுவதால் நேர் பெருக்கலைவிடக் கூடுதலாக வர வாய்ப்பு உண்டு. அவர்களின் தளத்தில் இலவசக் கணிப்பானே இருக்கிறது. விண்ணப்பத்தில் மட்டும் மாற்றி எழுத வேண்டாம். 10-க்கு எவ்வளவோ அதை அப்படியே எழுதுங்கள்.

ஜிஆர்இ பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. பழைய மூன்றே முக்கால் மணி நேர மாதிரித் தாளை இன்னும் ஓட்டும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். குவான்ட் எனப்படும் கணக்குப் பிரிவின் முதல் பகுதியில் 12 கேள்வி, 21 நிமிடம். அதில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த 15 கேள்வியின் கடினம் அமையும். ஆகவே முதல் பகுதியில் அவசரப்படக் கூடாது. தேர்வு நாளன்றே நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். பட்டியல் தயாராக இல்லாமல் போனால் அந்த நான்கும் வீண். ஜிஆர்இ கட்டாயமில்லை என்று சொல்லும் இடத்தில் குவான்ட் 160-க்குக் கீழ் இருந்தால் அனுப்பாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

எஸ்ஓபிக்கு வருவோம். சுமார் மார்க்காரருக்கு உயிர்நாடியே இதுதான், மையங்கள் சொதப்புவதும் இதில்தான். ‘சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது ஆர்வம்’ என்று தொடங்கி, ‘கலாம் பிறந்த மண்ணிலிருந்து வருகிறேன்’ என்று முடியும் வார்ப்பு ஒன்று இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கலாமுக்கு மரியாதை செய்ய வேறு இடம் இருக்கிறது. தேர்வுக் குழுவுக்கு வேண்டியது, இந்த ஆளுக்கு எந்தப் பிரச்சினை நன்றாகத் தெரியும் என்பது. அதற்கு இந்தக் கரையில் பஞ்சமா? சிவில் படித்தவருக்குப் பாம்பனில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் குளோரைடை இறக்கிக் கம்பியை அரிப்பது. மெக்கானிக்கல்காரருக்கு வள்ளத்து எஞ்சின்கள் கடல்நீரில் துருவேறிச் சீக்கிரம் வீணாவது. மின்னியல்காரருக்குக் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் தகடுகளில் படியும் தூசி. கெமிக்கல்காரருக்கு உவர் நீரை ஆர்ஓ செய்தபின் மிஞ்சும் கழிவு நீரை எங்கே விடுவது என்ற கேள்வி. இதில் ஒன்றை எடுத்து, உங்கள் இறுதியாண்டு புராஜெக்டில் எதை அளந்தீர்கள், எந்தக் கருவியால், என்ன எண் வந்தது, எது சரிவரவில்லை என்று ஒரு பத்தி எழுதினால் போதும். மார்க் குறைந்ததற்கு இரண்டே வரி: எந்த செமஸ்டர், என்ன காரணம், அதற்குப் பிறகு தரம் எப்படி ஏறியது. அழுகை வேண்டாம். சேரப்போகும் படிப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள நான்கைந்து பாடங்களில் நல்ல தரம் இருந்தால் அதைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

எல்ஓஆரில் அடிக்கடி நடக்கும் தவறு, மூன்று கடிதத்தையும் மையத்தில் ஒரே கையே எழுதுவது. நடை ஒன்றாக இருப்பது படிப்பவருக்கு உடனே தெரியும். பல தளங்கள் பேராசிரியரின் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் இணைப்பு அனுப்பும், ஜிமெயில் முகவரி கொடுத்தால் சந்தேகப்படும். உங்கள் சாருக்குக் கல்லூரி மின்னஞ்சல் இருக்கிறதா, அதை அவர் திறந்து பார்ப்பாரா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

சான்றிதழ் வேலையில் மையம் கொஞ்சம் உதவும். ஜெர்மனிக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்று (நம் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். இதற்கு அரியர் எழுதிய மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ‘கன்சாலிடேட்டட் ஷீட் போதும், அரியர் தெரியாது’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். பெயரிலும் கவனம் வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. கீழக்கரைப் பக்கம் முகமது என்ற பெயருக்கு ஆவணத்துக்கு ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல். தேர்வுப் பதிவு பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு மைய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எந்த மையமும் வாய் திறக்காத ஒரு வழி, இந்தியாவிலேயே எம்.டெக். சேர உதவும் ‘கேட்’ (GATE) தேர்வு. கமிஷன் இல்லையே. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. என்ஐடிகளுக்கான சிசிஎம்டி கலந்தாய்வில் பொதுப் பிரிவு, ஓபிசிக்கு 6.5 சிஜிபிஏ அல்லது 60 சதவீதம், எஸ்சி, எஸ்டிக்கு 6.0 அல்லது 55 சதவீதம் தேவை. ஐஐடிகளின் இடம் ஒதுக்கும் பொதுத் தளமான சிஓஏபியில் பதிவு செய்தால் மட்டும் விண்ணப்பித்ததாக ஆகாது. ஒவ்வொரு ஐஐடிக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இது தெரியாமல் வாய்ப்பை விடுபவர் உண்டு. கேட் சரியாக வராதவர்க்கு அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா-பிஜி நுழைவுத் தேர்வு இருக்கிறது.

கடனும் விசாவும் மையங்கள் உருப்படியாகச் செய்யும் பகுதி. 4 லட்சம் வரை கைப்பணம் வேண்டாம், அதற்கு மேல் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் பங்கு, 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து அடமானம் என்பது அரசு வங்கிகளின் பொது நடைமுறை. கரையோர ஊர்களில் வீடு நத்தத்தில் இருந்து, பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வங்கி நகராது. விண்ணப்பத்துக்கு முன்பே பட்டா மாற்றத்தைத் தொடங்கிவிடுங்கள். அப்பா வளைகுடாவில் இருந்தால் வருமான வரிக் கணக்குக்குப் பதில் சம்பளச் சான்றும் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள், இதைத் தொகுத்துத் தருவதில் கீழக்கரை மையங்களுக்கு நல்ல பழக்கம். சிறுபான்மையினருக்கான ‘படோ பர்தேஷ்’ வட்டி மானியம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை இன்னும் காட்டி ஆள் பிடிப்பவர் இருந்தால் எச்சரிக்கை. ஜெர்மன் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (போட்ட பணத்தை மாதம் இவ்வளவு என்றுதான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். படிப்புக் கட்டணத்தோடு இதையும் சேர்த்துக் கடன் கேளுங்கள்.

ஆக, விசா படிவத்துக்கும் மாதிரி நேர்காணலுக்கும் மட்டும் தனியாகக் காசு கட்டலாம், முழு பேக்கேஜ் வேண்டாம். கட்டுவதற்கு முன் மூன்று விஷயம்: விண்ணப்ப மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மையமே திறந்த முகவரிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்தால் அதைக் கேட்டு அலைய வேண்டிவரும். அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ஒரு இரவுகூட அங்கே விட வேண்டாம். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை ரசீதின் மேலேயே எழுதி வாங்குங்கள்.