ட்ரை-எக்ஸ், அம்பது செகண்ட், ஒரு சொம்பு

மாப்ள ஒருத்தன் கேட்டான், செட்டிநாட்டு வீடுகள உள்ள எடுக்கப் போறேன், பிளாஷ் கிடையாது, ட்ரை-எக்ஸ் (கோடாக்கோட 400 ஸ்பீடு கறுப்பு வெள்ளை பிலிம்) வாங்கவாடான்னு. நாலு வருஷமா அதத்தான் ஓட்டுறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். கேமரா இப்பத்தான் ரிப்பேர் முடிஞ்சு வந்துச்சு, பி-ல, அதான் பட்டன அமுக்கிப் புடிக்கிற வரைக்கும் ஷட்டர் தொறந்திருக்கிற செட்டிங்ல, வச்சா பாதியிலயே மூடிக்கிற வியாதி, ரெண்டு மாசம் இழுத்தடிச்சாக, அந்தக் கடுப்பும் இதுல கலந்திருக்கும், பொறுத்துக்கங்க.

கானாடுகாத்தான்ல ஒரு வீடு, ரெண்டாங்கட்டு. லென்ஸ் துவாரத்த எஃப் 11-ல வச்சா மீட்டர் 10 செகண்ட் காட்டுது. வெளிச்சம் கம்மியாகி நேரம் நீண்டா பிலிம் மந்தமாயிடும், அதனால கோடாக் அட்டவணைப்படி அத 50 செகண்ட் ஆக்கணும், 1 செகண்டுக்கு 2, 100 செகண்டுக்கு 1200, அதாவது இருபது நிமிஷம், அதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சுட்டு வந்துரலாம். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும், மொபைல்ல ஆப்பே இருக்கு. அந்த ஆப் நேரத்த மட்டும் சொல்லும், அட்டவணைல பக்கத்துல இன்னொரு பத்தி இருக்கே, டெவலப்பிங் நேரத்த 10, 20, 30 சதவீதம் குறைன்னு, அத யாரும் கண்டுக்கிறதில்ல. நானும் மொத ரோல்ல கண்டுக்கல. வளவுல வானத்து வெளிச்சம் விழுந்த எடமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப்போச்சு, ஆத்தங்குடிக் கல்லுல ஒரு பூ தெரியல.

விஷயம் என்னன்னா பிலிம் இருட்டுலதான் சோம்பேறி, வெளிச்சம் படுற எடத்துல அவ்வளவா கிடையாது. இருட்டுக்காக நேரத்த ஏத்தினா வெளிச்சம் சேர்ந்து ஏறி உச்சிக்குப் போயிடும். டெவலப்பர்ல இருட்டுப் பகுதி சீக்கிரமே வந்து நின்னுடும், வெளிச்சப் பகுதிதான் நெகட்டிவ்ல கடைசி நிமிஷம் வரைக்கும் கறுத்துக்கிட்டே போகும் (பிரிண்ட்ல அது வெள்ளையா வரும்), அதனால அந்தக் கடைசிய வெட்டணும். டி-76 டெவலப்பர், சரிபாதி தண்ணி கலந்து, 20 டிகிரி, ஒன்பதே முக்கால் நிமிஷம்னா 20 சதவீதம் போக 7 நிமிஷம் 48 செகண்ட். நம்மூர்ல மே மாசத்துல மேல் தொட்டித் தண்ணிய 20 டிகிரிக்குக் கொண்டாரத்துக்குள்ள ரெண்டு பாக்கெட் ஐஸ் கரைஞ்சிரும், அது தனிப் பாடு.

எனக்கு எரியுறது இதுதான்: ஒரே ரோல்ல 36 படம். திண்ணைல வெயில்ல 1/250 செகண்ட்ல ஒரு படம், முகப்புல 1 செகண்ட், உள்ள 10. குறைக்கிறதுன்னா மொத்த ரோலுக்கும் சேர்த்துத்தான குறைக்க முடியும்! உள்ள எடுத்தது அழகா வந்தா திண்ணைப் படம் சோகை புடிச்சு நிக்கும். ஷீட் பிலிம்காரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, ஒவ்வொண்ணா கழுவுவான். நான் இப்ப பல்க்ல நீளச் சுருளா வாங்கி 12, 12 படமா வெட்டிச் சுத்தி, டப்பா மேல பென்சில்ல 'இருட்டு'ன்னு எழுதி வச்சுக்கிறேன். முக்கால்வாசி நேரம் எழுத மறந்துருவேன்.

இன்னும் கடுப்பேத்தணுமா? புஜிபிலிமோட ஆக்ரோஸ் 100 II-ன்னு 100 ஸ்பீடு பிலிம் ஒண்ணு இருக்கு, 120 செகண்ட் வரைக்கும் நேரத்துல திருத்தமே வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க. நம்ம 10 செகண்ட் அதுல 40 ஆகும், அம்புட்டுதான். நாலு மடங்கு மெதுவான பிலிம் பத்து செகண்ட் முன்னாடியே வேலைய முடிச்சுட்டுப் போகுது, எனக்கு இங்க 50, அதுக்கு மேல ஐஸ், டெவலப்பிங் கணக்கு வேற.

ஆனா அந்த அம்பது செகண்ட்ல ஒண்ணு நடந்துச்சு. ஆச்சி அடுப்படிலேர்ந்து வந்தாக, பித்தளச் சொம்ப தூணோரமா வச்சுட்டு, "இன்னுமா புடிக்கிறீக?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக்கூட நிக்காம மறுபடி எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. கெட்டுச்சுடான்னுதான் நெனச்சேன். நெகட்டிவ்ல ஆச்சி இல்லவே இல்ல. சொம்பு மட்டும் பாதி இருக்கு, அதுக்குள்ளால தரைக் கல்லோட பூ தெரியுது, பின்னாடி தேக்குக் கதவுல ரேகை ரேகையா இருட்டு, எதுவும் அடைச்சுக்கல.

மாப்ளைட்ட ஆக்ரோஸ் வாங்குடான்னு சொல்லிட்டேன். நான் ட்ரை-எக்ஸ் பல்க் ரோல் ஒண்ணு போட்டிருக்கேன், அது வர்றதுக்குள்ள சொம்புப் படத்த பிரிண்ட் போட்டுக் குடுக்கணும், ஆச்சி ரெண்டு தடவ கேட்டுட்டாக.